வரிசை என்பது சடங்கு அன்று

எங்கள் ஆய்வகத்தில் ஃப்ரீபிஎஸ்டி 11 இயங்கும் வழங்கி ஒன்று இருந்தது. அதை நிறுவியவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அதன் பிறகு, 'ஓடுகிறது, தொடாதே' என்பதே அதற்கான பராமரிப்புக் கொள்கை. 2021 செப்டம்பரோடு அந்தப் பதிப்பு வரிசைக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. இருந்தும் அதன் வட்டில் மூவரின் ஆய்வேட்டுத் தரவுகள் கிடந்தன. வேறு வழியின்றி அதை மூலநிரலிலிருந்து 12ஆம் பதிப்புக்கு உயர்த்தும் பொறுப்பு எனக்கு வந்தது.

நடைமுறை பலரும் அறிந்ததுதான். பயனர்வெளியையும் கர்னலையும் தொகுக்க வேண்டும். முதலில் கர்னலை நிறுவ வேண்டும். மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதற்குப் பின்னரே பயனர்வெளியை நிறுவி, அமைவுக் கோப்புகளை இணைக்க வேண்டும். இந்த வரிசையை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். காரணத்தை அறிந்திருக்கவில்லை.

காரணம் இதுதான். புதிய கர்னல் பழைய நிரல்களை இயக்கும் வகையில் கட்டப்படுகிறது. பழைய கர்னலுக்குப் புதிய நிரல்கள் கோரும் கணினி அழைப்புகள் தெரியா. 11க்கும் 12க்கும் இடையில் இது ஏட்டளவு வேறுபாடாக நிற்கவில்லை. கோப்புகளை அடையாளப்படுத்தும் ஐநோடு எண்கள் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு விரிந்தன. அதனால் கோப்பின் விவரங்களைக் கேட்கும் அழைப்புகளே மாறின. பழைய நிரல்களுக்காகப் பழைய அழைப்புகளையும் புதிய கர்னல் தாங்க வேண்டுமாயின், அதன் அமைவில் 'காம்பாட்_ஃப்ரீபிஎஸ்டி11' என்ற தேர்வு இடம்பெற வேண்டும்.

முன்னவர் தம் கையால் எழுதிய கர்னல் அமைவுக் கோப்பை நான் அப்படியே எடுத்தாண்டேன். 11ஆம் பதிப்புக் காலத்தில் எழுதப்பட்ட அதில் இந்த வரி எப்படி இருக்கும்? மறுதொடக்கம் செய்தபோது கர்னல் எழுந்தது. அதன்மேல் நிற்க வேண்டிய பழைய பயனர்வெளி எழவில்லை. முந்தைய கர்னல் தனி அடைவில் பத்திரமாக இருந்தமையால், ஏற்றியின் பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்து மீண்டேன். மூலநிரலோடு வரும் 'அப்டேட்டிங்' கோப்பில் 2017 மே 23ஆம் நாள் குறிப்பு இதே எச்சரிக்கையைத் தெளிவாகச் சொல்கிறது. நான் அதைப் படிக்காமல் கட்டளைகளை மட்டும் படியெடுத்திருந்தேன்.

ஆயத்தத் தொகுப்புகளைக் கொண்டு உயர்த்தும் எளிய வழி இருக்க, இந்தத் தொல்லை எதற்கு என்று கேட்பார்கள். அன்றாடப் பணிக்கு அந்த எளிய வழியே போதும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எந்த அடுக்கு எந்த அடுக்கின்மேல் நிற்கிறது, எந்தப் படியிலிருந்து திரும்பலாம், எந்தப் படியைத் தாண்டினால் திரும்ப முடியாது என்பதை அந்த வழி மறைத்துவிடுகிறது. பழைய நூலகங்களை நீக்குவது கடைசிப் படியாக இருப்பதற்கும் பொருள் உண்டு: அவற்றை நம்பியுள்ள பயன்பாடுகள் அனைத்தும் மறுதொகுக்கப்பட்ட பின்னரே அவற்றை அகற்றலாம்.

ஆதலால் என் கருத்து இது. இயங்குதளங்களைப் பாடமாகப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும், தரவு ஏதுமற்ற ஒரு மெய்நிகர் கணினியிலேனும், ஒருமுறை பெரும்பதிப்பொன்றைத் தாண்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் காரணத்தைத் தம் சொற்களில் எழுதி ஒப்படைக்கவும் வேண்டும். ஆய்வகங்களுக்கும் ஒரு கடமை உண்டு. வழங்கியை அமைப்பவர், இயல்புநிலையிலிருந்து தாம் மாற்றிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதிவைத்த பிறகே ஆய்வகத்தை விட்டு விலக வேண்டும். நூலகத்திற்கு நிலுவையின்மைச் சான்று கேட்கும் நாம், இதையும் கேட்பதில் தவறில்லை.

என்னிடம் வந்த அமைவுக் கோப்பில் குறிப்பு ஒன்றுகூட இல்லை. நான் அடுத்தவரிடம் தரப்போகும் கோப்பில், வரிகளைவிடக் குறிப்புகளே மிகுதி.