லோகோஸ்: வார்த்தையா, வாக்கா?

யோவான் சுவிசேஷத்தின் முதல் வரியில் வருகிற கிரேக்கச் சொல் 'லோகோஸ்'. பழைய தமிழ் பைபிளில் அது 'வார்த்தை'. 1995 பொது மொழிபெயர்ப்பில் 'வாக்கு'. மிங்கலாடோனில் நான் தங்கியிருக்கிற வீட்டில் இருப்பது, ஜட்சன் 1834-இல் முடித்த பர்மிய மொழிபெயர்ப்பு. அதில் 'வாய்' என்ற சொல்லை வைத்தே கட்டின வார்த்தை.

மேலோட்டமா பார்த்தா மூணும் பேச்சுதான். ஆனா லோகோஸுக்குக் 'கணக்கு'ன்னும் அர்த்தம் உண்டுங்க. மத்தேயு 12:36-ல் வீண் பேச்சு 'ரேமா'. அதுக்கு ஒப்புவிக்கிற கணக்குதான் 'லோகோஸ்'!

அதனால என் ஓட்டு 'வாக்கு'க்கே. வார்த்தையை விட்டுட்டு நடையைக் கட்டலாம். வாக்குக் கொடுத்தா காப்பாத்தணும், தவறினா பதில் சொல்லணும். நாம எழுதித் தள்ளுறதுக்கும் இதே கணக்குதான். நீங்க என்ன சொல்றீங்க மக்களே?