விண்வெளி போர்க்களமாகலாமா?

2021-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு விண்வெளி வீரர்களும் அவசரமாகத் தங்கள் விண்கலங்களுக்குள் தஞ்சம் புகுந்தனர். ரஷ்யா தரையிலிருந்து ஏவுகணையைச் செலுத்தி, செயலிழந்த தனது பழைய துணைக்கோளமான காஸ்மோஸ் 1408-ஐத் தகர்த்திருந்தது. கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. தஞ்சம் புகுந்த எழுவரில் இருவர் ரஷ்யர்கள். மல்லாந்து உமிழ்ந்தால் மார்மேல் விழும் என்று நம் முன்னோர் சொன்னது இங்கு முற்றிலும் பொருந்துகிறது.

துணைக்கோளத்தைத் தகர்க்கும் ஆற்றலை அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா ஆகிய நான்கு நாடுகள் தங்கள் சொந்தத் துணைக்கோளங்களின்மீது சோதித்துக் காட்டியுள்ளன. இவற்றுள் மிகப் பெரிய பாதிப்பை ஏற்படுத்தியது 2007-இல் சீனா நடத்திய சோதனை. ஏறத்தாழ 865 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பழைய வானிலைத் துணைக்கோளம் உடைக்கப்பட்டு, 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகளாயிற்று. அவ்வுயரத்தில் காற்றின் தடை மிகக் குறைவு என்பதால், அவை கீழே விழப் பல பத்தாண்டுகள் ஆகும். மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது ஒரு சிறிய திருகாணிகூடத் துணைக்கோளத்தை முடக்கிவிடும். ஒரு மோதலில் பிறக்கும் துண்டுகள் அடுத்த மோதலுக்குக் காரணமாகி, அது சங்கிலித் தொடராக வளரக்கூடும் என்று அமெரிக்க விஞ்ஞானி டொனால்டு கெஸ்லர் 1978-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார்.

இத்தகைய ஆயுதங்கள் தற்காப்புக்குத் தேவை என்று சில நாடுகள் வாதிடுகின்றன. இன்றைய இராணுவங்கள் தகவல் தொடர்புக்கும் வேவு பார்ப்பதற்கும் துணைக்கோளங்களையே நம்பியிருப்பதால், அந்த அச்சத்தை நாம் புறந்தள்ள முடியாது. பாதிப்பைக் குறைக்கவும் முயற்சிகள் நடந்துள்ளன. 2019-இல் இந்தியா தனது சோதனையை 300 கிலோமீட்டருக்கும் குறைவான உயரத்தில் நடத்தியது. சிதைவுகள் விரைவில் காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆயினும், சில துண்டுகள் விண்வெளி நிலையத்தின் உயரத்தையும் தாண்டி எறியப்பட்டன. மனிதன் இலக்கைத் தேர்ந்தெடுக்கலாம். சிதறும் துண்டுகளின் வழியை அவனால் தேர்ந்தெடுக்க முடியாது.

பீரங்கியைச் சோதித்தால் அதன் பாதிப்பு பெரும்பாலும் சோதனைக் களத்தோடு நின்றுவிடும். துணைக்கோளத்தை உடைக்கும் சோதனை அப்படிப்பட்டதன்று. போர் மூளாவிட்டாலும் சோதனையே எல்லா நாடுகளுக்கும் கேடு விளைவிக்கிறது. ஏவுகணையைச் செலுத்தாத நாடுகளும் அதிலிருந்து தப்ப முடியாது. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் தீப்பற்றும்போது, வெப்பப் புள்ளிகளைக் கண்டறிந்து புகைமூட்டத்தைக் கணிக்கத் துணைக்கோளங்களே உதவுகின்றன. அத்தகைய வானிலைத் துணைக்கோளங்கள் சில ஏறத்தாழ 800 கிலோமீட்டர் உயரத்தில், 2007-ஆம் ஆண்டின் சிதைவுகள் பரவியுள்ள பகுதியில்தான் சுற்றி வருகின்றன. அவை முடங்கினால் இழப்பு நமக்கும்தான்.

சட்டம் இதைத் தடுக்கவில்லையா? 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, அணு ஆயுதங்களையும் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் வைப்பதைத் தடை செய்கிறது. தரையிலிருந்து ஏவப்படும் சாதாரண ஏவுகணையைப் பற்றி அதில் தடை ஏதுமில்லை. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இத்தகைய அழிவுச் சோதனைகளை நடத்தக்கூடாது என்னும் தீர்மானத்தை ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பொதுப்பேரவையில் 155 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யாவும் சீனாவும் உட்பட ஒன்பது நாடுகள் எதிர்த்தன. இந்தியா வாக்களிப்பில் கலந்துகொள்ளவில்லை. அத்தீர்மானம் ஒரு வேண்டுகோள் மட்டுமே. எந்த நாட்டையும் அது கட்டுப்படுத்தாது.

அந்த வேண்டுகோள் அனைவரையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாக மாற வேண்டும் என்பதே என் கருத்து. இது நடவாத கனவன்று. 1962-இல் அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அணுகுண்டை வெடித்தபோது, 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. பல துணைக்கோளங்கள் பழுதடைந்தன. பனிப்போர் உச்சத்தில் இருந்த அக்காலத்திலும், அடுத்த ஆண்டே வல்லரசுகள் விண்வெளி அணுவெடிப்பைத் தடை செய்யும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

துணைக்கோளத்தை உடைக்கும் சோதனைக்கான தடையை எளிதில் கண்காணிக்கவும் முடியும். ஆயுதத்தைக் கிடங்கில் மறைத்து வைக்கலாம். வானில் சிதறிய ஆயிரம் துண்டுகளை மறைக்க முடியாது. அவற்றைப் பல நாடுகளின் ராடார்கள் காட்டிக் கொடுத்துவிடும். ஏற்கனவே ஆற்றலைக் காட்டிவிட்ட நான்கு நாடுகளும் மீண்டும் சோதிப்பதால் பெறப்போவது சிறிது. உலகம் இழக்கப்போவது பெரிது. எனவே, அந்நான்கு நாடுகளே இத்தடைக்கு முதலில் கையெழுத்திட வேண்டும்.