கை அசைகிறது, முகம்?

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ரயில் மஹய்யாவ வழியாகச் செல்கிறது. நகரத்துத் தெருக்களைத் தலைமுறைகளாகக் கூட்டிப் பெருக்கிய தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி அது. அப்படியொரு வீட்டில் பெற்ற பிள்ளையின் பெயரும் மறந்து, பேச்சும் அடங்கிப்போன முதியவர் இருந்தால், அவரை இலங்கைத் தமிழில் "அறளை பெயர்ந்தவர்" என்பார்கள். அந்தச் சொல்லோடு அவரைப் பற்றிய விசாரிப்பும் நின்றுவிடுகிறது. நிற்கக் கூடாது என்பதே இத்தலையங்கத்தின் கட்சி.

இந்த மறதிநோயை அளக்க மருத்துவ உலகில் பெயர்பெற்ற அளவுகோல், 1975இல் அமெரிக்காவில் உருவான 30 புள்ளிப் பரீட்சை. இன்று என்ன திகதி? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். ஒரு வசனம் எழுதுங்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவருக்கு இது தொடக்கத்திலேயே அநியாயம். நோய் முற்றியவருக்கோ புள்ளி பூச்சியத்தை ஒட்டி நின்றுவிடும். நன்றாகப் பராமரித்தாலும் அதே பூச்சியம், மூலையில் போட்டுவைத்தாலும் அதே பூச்சியம்.

அதனால்தான் நினைவை விட்டுவிட்டு ஈடுபாட்டை அளக்கும் முறைகள் வந்தன. ஒரு பொருளையோ பாட்டையோ கொடுத்து, ஏற்கிறாரா தள்ளுகிறாரா, எவ்வளவு நேரம் அதில் நிற்கிறார், எவ்வளவு கவனம், மகிழ்ச்சியா எரிச்சலா என்று பார்த்துக் குறிக்கும் முறையை ஆய்வாளர் ஜிஸ்கா கோஹன்-மான்ஸ்பீல்ட் குழுவினர் 2009இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில் 7 முதியோர் இல்லங்களில் 193 பேரிடம் அவர்கள் செய்த ஆய்வுகளில், ஆள்துணையும் அவரவர் பழைய வாழ்வோடு ஒட்டிய பொருட்களும் கூடுதல் ஈடுபாட்டைத் தூண்டின. பிரித்தானியாவில் ஆய்வாளர் டொம் கிட்வூட் வழியில் வந்த முறையோ, ஐந்து நிமிடத்துக்கொரு தடவை மனநிலையை –5 முதல் +5 வரை குறிக்கிறது.

இங்கேதான் மஹய்யாவ ஒரு சங்கடமான கேள்வியைப் போடுகிறது. வாழ்நாளெல்லாம் தெருக் கூட்டியவரிடம் 'பழைய வாழ்வோடு ஒட்டிய பொருள்' என்று விளக்குமாற்றை நீட்டலாமா? கை தானாகவே அசையும். அரைமணி நேரம்கூட அசையலாம். நேரத்தை மட்டும் குறிப்பவர் அமோக வெற்றி என்று எழுதிவிடுவார். முகம் இறுகியிருந்தால்? அது உழைப்பின் சுமையாகவோ, ஊர் சுமத்திய இழிவின் தழும்பாகவோ இருக்கலாம். அதே மனிதர் மாசி மாதக் காமன் கூத்தின் தப்பொலிக்குத் தலையை ஒருமுறை நிமிர்த்தினால், அந்தச் சில நொடிக்கு மதிப்பு அதிகம். மணிக்கூட்டை மட்டும் நம்பாமல் முகத்தையும் படிக்கத் தெரிந்தவர்தான் அளக்க வேண்டும்.

மொழிச் சிக்கலும் உண்டு. பின்னால் கற்ற மொழி முன்னால் நழுவுவது இந்நோயில் பலருக்கும் நேர்வது. சிங்களம் சரளமாகப் பேசியவரும் கடைசியில் தமிழுக்கே திரும்பக்கூடும். தமிழ் தெரியாத தாதி அவரைப் பற்றிப் 'பதில் இல்லை' என்று எழுதினால், அளக்கப்பட்டது யாருடைய குறை?

சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம், மறதிநோயாளருக்கான அறிவுத்தூண்டல் சிகிச்சையைத் தமிழ்ச் சூழலுக்குத் தகவமைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அந்தச் சிகிச்சை ஆரம்ப, நடுநிலை நோயாளருக்கானது. படுக்கையில் விழுந்தவர் அதற்கு வெளியே நிற்கிறார். இலங்கையிலோ 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதை எட்டியோர் 12.4 சதவீதம். ராகமையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு மறதிநோய் என்றது.

ஈடுபாட்டைக் குறித்துவைக்கச் சொன்னால், ஆளே போதாத இடத்தில் இன்னொரு கொப்பியா என்று முதியோர் இல்ல நிர்வாகிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே; மாத முடிவில் ஒரே பேனையால் நிரப்பப்படும் கொப்பிகளை நாடு நிறையவே பார்த்திருக்கிறது. ஆகவே பெரிய படிவம் வேண்டாம். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே ஒரு தாள், நாளுக்குப் பத்து நிமிடம், ஐந்தாறு குறிகள். வீட்டில் பார்த்துக்கொள்ளும் மகளும் நிரப்பக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இல்லங்கள் பதிவுபெற வேண்டும் என்கிறது. மத்திய மாகாணத்தில் அடுத்த தடவை சோதனைக்குப் போகும் அதிகாரிகள் கட்டிலையும் கழிவறையையும் எண்ணிய கையோடு, அந்தத் தாளையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். தமிழ் முதியவரின் தாளைத் தமிழ் தெரிந்தவர்தான் நிரப்பினாரா என்றும் கேட்கட்டும்.