செவ்வாய் செய்த குற்றம் என்ன?

ஜோசியம் நமது ரிஷிகள் ஞானதிருஷ்டியால் கண்டதென்று சொல்லப்படுகின்றது. ஆனால் பன்னிரண்டு ராசிகளை வகுத்தவர்கள் பாபிலோனியர்கள், கி.மு. 410-லேயே அங்கே ஜாதகம் எழுதியிருக்கின்றார்கள். கிரேக்கர் வழியாக அது இங்கு வந்தது. ஜோசியர் வாயில் உருளும் ஹோரையும் கேந்திரமும் கிரேக்க வார்த்தைகளேயாகும்.

அந்நியச் சரக்கு என்பதற்காக நாம் இதைத் தள்ளவில்லை. உண்மைதானா என்றே கேட்கின்றோம். ராகுவும் கேதுவும் கிரகங்களே அல்ல. சூரியன் பாதையைச் சந்திரன் பாதை வெட்டும் வெறும் புள்ளிகள். செவ்வாயையோ 2014 முதல் இந்திய விண்கலமே சுற்றிவந்து படம் பிடித்தது. கல்லும் மண்ணும் தெரிந்தனவேயன்றித் தோஷம் தெரியவில்லை. அந்தச் செவ்வாயின் பேரால் கல்யாணமின்றி நிற்கும் பெண்களின் வாழ்வைக் கெடுத்தது கிரகமா, கட்டத்தைப் பார்த்துக் கதவடைத்த பெரியோர்களா? பெற்றோர்களே, யோசித்துப் பாருங்கள்!