ஏழு எழுத்து வாக்குறுதி

புதன்கிழமைகளில் கொரிய மொழி வகுப்பு முடிந்ததும் நானும் என் நண்பனும் பல்கலைக்கழக உணவகத்தில் ஒன்றாகச் சாப்பிடுவோம். தொடக்கக் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. இப்போது நான் மூன்றாம் ஆண்டு, அவன் முதலாம் ஆண்டு. நடுவில் காணாமல்போன இரண்டு ஆண்டுகள் தேசிய சேவைக்குப் போயின. அதனால் என்னைக் கேலியாக "அக்கா" என்று கூப்பிடுவான். கேலிதான், ஆனால் அதில் கொஞ்சம் வருத்தமும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அண்மையில் வகுப்பில் தென்கொரிய அமைச்சுகளின் பெயர்களைப் படித்தோம். அவற்றில் ஒன்றின் பெயர் 2025 அக்டோபர் 1ஆம் தேதிதான் மாறியது. அதுவரை அதன் கொரியப் பெயரைத் தமிழில் சொன்னால் 'பெண்கள், குடும்ப அமைச்சு'. இப்போது 'பாலினச் சமத்துவ, குடும்ப அமைச்சு'. சாப்பிடும்போது நண்பன் சாதாரணமாகச் சொன்னான்: "அந்த யூன் சொன்ன மாதிரி அதை அப்போதே மூடியிருக்கலாம்."

என் தோசை ஆறிப்போனதுதான் மிச்சம். அன்று தொடங்கிய விவாதம் இன்னும் முடியவில்லை.

யூன் சுக் யோலை நம்மில் பலருக்கு 2024 டிசம்பர் 3ஆம் தேதி இரவு திடீரென்று ராணுவச் சட்டத்தை அறிவித்தவராகத்தான் தெரியும். அதற்காகவே 2025 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஆனால் எனக்கு அவர் முதலில் அறிமுகமானது அதிபர் வேட்பாளராக. 2022 ஜனவரி 7ஆம் தேதி தமது ஃபேஸ்புக் பக்கத்தில் அவர் ஒரே ஒரு வரி எழுதினார். கொரிய எழுத்தில் எண்ணினால் ஏழே எழுத்து. 'பெண்கள், குடும்ப அமைச்சு ஒழிப்பு' என்பதே அதன் பொருள். விளக்கம் எதுவும் இல்லை, அந்த அமைச்சின் வேலைகளை இனி யார் செய்வார்கள் என்ற திட்டமும் இல்லை.

நம் நாட்டு அதிபரையும் அந்நாட்டு அதிபரையும் ஒன்றாக நினைத்துக்கொண்டால் இதன் கனம் புரியாது. தென்கொரியாவில் அரசாங்கத்தை நடத்துபவரே அதிபர்தான். அமைச்சர்களை நியமிப்பவர் அவர். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அவருக்கு ஐந்தாண்டுகள், ஒரே ஒரு தவணை. அந்தப் பதவிக்குப் போட்டியிடும் ஒருவர் ஒரு வரி எழுதினால் அமைச்சின் ஊழியர் முதல் காவல் நிலையத்தில் புகார் வாங்குபவர் வரை எல்லாரும் அதைப் படிக்கிறார்கள்.

அந்த அமைச்சு அப்படி என்ன செய்துகொண்டிருந்தது? 2001ல் அதிபர் கிம் டே ஜுங் காலத்தில் தொடங்கப்பட்டது. தென்கொரியாவில் 'ஹோஜு' என்றொரு முறை இருந்தது. சட்டப்படி குடும்பத் தலைவர் ஆண்தான். கணவர் இறந்தால் தலைமை மனைவிக்குப் போகாது, மகனுக்குப் போகும், அவன் கைக்குழந்தையாக இருந்தாலும் சரி. 2005ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்து, சட்டம் திருத்தப்பட்டு, 2008ல்தான் அந்த முறை ஒழிந்தது. நான் பிறந்தபோதுகூட அது நடப்பில் இருந்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அந்த மாற்றத்துக்காக உள்ளிருந்து வாதாடியவர்களில் இந்த அமைச்சும் ஒன்று. அதன் பிறகு அதன் வேலை பெரும்பாலும் சத்தமில்லாதது: தனித்து வாழும் பெற்றோருக்கு உதவி, வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் குழந்தைப் பராமரிப்பு, பள்ளியை விட்ட இளையர்களுக்கு ஆதரவு, அடிபட்ட பெண்களுக்குப் புகலிடம், 1366 என்ற உதவித் தொலைபேசி எண். இதற்கெல்லாம் சேர்த்து நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு விழுக்காட்டில் கால் பங்குகூடக் கிடைக்கவில்லை.

"அப்படியென்றால் எதற்கு இவ்வளவு கோபம்?" என்று நண்பனிடம் கேட்டேன். அவன் பதில் சொல்லத் தயாராகவே இருந்தான்.

தென்கொரியாவில் தகுதியுள்ள ஆண்கள் அனைவரும் ராணுவச் சேவை செய்ய வேண்டும். இப்போது தரைப்படையில் 18 மாதங்கள். முன்பு சேவை முடித்தவர்களுக்கு அரசாங்க வேலைத் தேர்வுகளில் மூன்று முதல் ஐந்து விழுக்காடு வரை கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. ஒரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவும் தேர்வுகள் அவை. பெண்களும் உடற்குறையுள்ள ஆண்களும் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பின்தங்கினார்கள். ஈவா மகளிர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெண்கள் உட்படச் சிலர் வழக்குத் தொடர்ந்தனர். 1999 டிசம்பரில் அந்தச் சலுகை செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமானது. ஆனால் அதற்குப் பதிலாக அந்த இளைஞர்களுக்கு அரசாங்கம் நீண்ட காலம் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. ராணுவத்தில் கிடைத்த சம்பளமோ மிகச் சொற்பம். அந்த மனக்குறை இணையத்தில் இருபது ஆண்டுகள் ஊறி, 'பெண்களுக்கென்று தனி அமைச்சு இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது?' என்ற கேள்வியாக மாறியது.

இங்கே என் நண்பனின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு அந்தக் கேள்வி நன்றாகப் புரிகிறது. எனக்கும் புரிகிறது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. நான் பயிற்சிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தபோது அவன் காட்டில் மழையில் படுத்திருந்தான். அந்த இரண்டு ஆண்டுகளை நான் தொலைக்கவில்லை.

ஆனால் கதையில் இன்னொரு பதிவும் இருக்கிறது. ஏழு எழுத்து எழுதிய இரண்டு நாளில் யூன் இன்னொரு வரி எழுதினார்: சிப்பாய்களுக்கு மாதம் 20 லட்சம் வோன் சம்பளம். அதை அவர் பெரும்பாலும் நிறைவேற்றவும் செய்தார். 2025ல் ராணுவச் சேவையின் கடைசிக் கட்டத்தில் உள்ள சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 15 லட்சம் வோன். அரசாங்கம் அளிக்கும் சேமிப்பு உதவியையும் சேர்த்தால் 20 லட்சத்தைத் தாண்டும்.

என் வாதம் முழுவதும் இந்த இரண்டு பதிவுகளுக்கு இடையில்தான் இருக்கிறது. சம்பள உயர்வு சேவை செய்பவரின் குறையைத் தீர்க்கும் முயற்சி. அதை எந்தப் பெண்ணும் எதிர்க்கக் காரணமில்லை. அமைச்சை ஒழிப்பதால் ஒரு சிப்பாய்க்கு என்ன கிடைக்கும்? ஒரு நாள்கூடச் சேவை குறையாது, ஒரு வோன்கூடக் கூடாது. அந்த வாக்குறுதி தருவது ஒன்றே ஒன்று: 'உனக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்காது' என்ற திருப்தி.

அந்தத் திருப்திக்கு வாக்கு விழுந்தது. 2022 மார்ச் 9ஆம் தேதி யூன் வென்ற வித்தியாசம் வெறும் 0.73 விழுக்காட்டுப் புள்ளி. வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், இருபதுகளில் உள்ள ஆண்களில் ஏறக்குறைய 59 விழுக்காட்டினர் அவருக்கும், அதே வயதுப் பெண்களில் 58 விழுக்காட்டினர் அவரை எதிர்த்த லீ ஜே மியுங்கிற்கும் வாக்களித்திருந்தனர். ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே பாடலைக் கேட்டவர்கள், ஒருவரையொருவர் காதலித்தவர்கள்கூட இருந்திருப்பார்கள்.

"சரி, ஆனால் அமைச்சை மூடவில்லையே! யாருக்கு என்ன நட்டம்?" இது நண்பனின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அமைச்சை ஒழிக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது. 2023 பிப்ரவரியில் அரசாங்க அமைப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது ஒழிப்புத் திட்டம் மட்டும் அதில் இடம்பெறவில்லை. காகிதத்தில் பார்த்தால் வாக்குறுதி தோற்றுவிட்டது.

காகிதத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் சோலின் சின்டாங் ரயில் நிலையத்தில், இரவுப் பணியிலிருந்த ஓர் இளம்பெண் ஊழியரை, அவரை நீண்ட நாள் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்த முன்னாள் சக ஊழியர் கொன்றார். தொல்லை வழக்கில் மறுநாள் அவருக்குத் தண்டனை அறிவிக்கப்படவிருந்தது. சம்பவ இடத்துக்கு வந்த அமைச்சர் கிம் ஹியூன் சூக், இதை ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்பதைத் தாம் ஏற்கவில்லை என்றார். பெண்களுக்காக இருக்கும் அமைச்சின் தலைவர் சொன்னது இது. அவரே அந்த அமைச்சை மூடுவதற்காக நியமிக்கப்பட்டவர். அவர் வேறு எப்படிப் பேசியிருக்க முடியும்?

2023 ஜனவரியில் நடந்தது இன்னும் வினோதம். அந்நாட்டுச் சட்டப்படி, வன்முறையோ மிரட்டலோ இருந்தால்தான் அது பாலியல் வல்லுறவு. சம்மதம் இல்லாததையே அளவுகோலாக்குவது பற்றிப் பரிசீலிப்போம் என்று அமைச்சு அறிவித்தது. சட்ட அமைச்சோ அப்படி ஒரு திட்டமே இல்லை என்றது. அதே நாளில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். காலையில் சொன்னதற்கு மாலையில் ஆயுள் இல்லை.

2024 பிப்ரவரியில் அமைச்சர் பதவி விலகினார். அந்த இடத்துக்கு யூன் வேறு யாரையும் நியமிக்கவில்லை. ஒழிக்க முடியாத அமைச்சை அவர் காலியாக விட்டார். அந்த நாற்காலியில் அடுத்து ஒருவர் அமர்ந்தது 2025 செப்டம்பரில், அதுவும் ஆட்சி மாறிய பிறகு.

நாற்காலி காலியாக இருந்த அந்த இடைவெளியில்தான், 2024 ஆகஸ்டில், 'டீப்ஃபேக்' விவகாரம் வெடித்தது. டெலிகிராமில் பள்ளி வாரியாக, பல்கலைக்கழக வாரியாகக் குழுக்கள். வகுப்புத் தோழி, ஆசிரியை, சில இடங்களில் சொந்தச் சகோதரியின் படத்தைக்கூட எடுத்து ஆபாசப் படமாக மாற்றிப் பகிர்ந்திருந்தார்கள். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் பதின்ம வயதினர். மாணவிகள் தங்கள் இன்ஸ்டகிராம் படங்களை அவசர அவசரமாக அழித்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட படங்களை இணையத்திலிருந்து நீக்க உதவும் நிலையம் எந்த அமைச்சின்கீழ் வருகிறது தெரியுமா? அமைச்சர் இல்லாத இதே அமைச்சின்கீழ்தான். செப்டம்பர் இறுதியில் நாடாளுமன்றம் விரைந்து ஒரு சட்டம் இயற்றியது. அத்தகைய படத்தை வைத்திருந்தாலோ பார்த்தாலோகூட மூன்றாண்டு வரை சிறை. அந்தச் சட்டம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டு ஆண்டுகளாக 'தேவையில்லாதது' என்று நாட்டின் அதிபரே சொல்லிவந்த ஓர் அமைச்சின்கீழ் உள்ள நிலையத்தை அழைக்க எத்தனை பேர் தயங்கியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கு எங்கும் இருக்காது.

அதே ஆண்டு நவம்பரில் நம் சிங்கப்பூரிலும் ஒரு பள்ளி மாணவர்கள் சக மாணவிகளின் படங்களை இப்படி மாற்றிய செய்தி வந்தது நினைவிருக்கலாம். சோல் நாம் நினைப்பதைவிடப் பக்கம்.

அமைச்சின்மேல் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020ல் சோல் மேயர்மீது பாலியல் தொல்லைப் புகார் எழுந்தபோது, ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர் என்பதால் அமைச்சு தயங்கியது என்று பெண்கள் அமைப்புகளே கண்டித்தன. அந்தக் கண்டனம் சரி. ஆனால் கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவோம், வீட்டையா இடிப்போம்? 2022ல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான ஊதிய இடைவெளி ஏறக்குறைய 31 விழுக்காடாக இருந்தது. பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பின் நாடுகளில் ஆக அதிகம். அந்த நாட்டில் கட்டமைப்பு ரீதியான பாலினப் பாகுபாடு இனி இல்லை, அது தனிநபர் பிரச்சினை என்று வேட்பாளர் யூன் நாளிதழ் நேர்காணலில் சொன்னார். ஓட்டையையே ஒப்புக்கொள்ளாதவரிடம் பழுதுபார்ப்பை எதிர்பார்க்க முடியாது.

யூன் போனாலும் அந்த ஏழு எழுத்து போகவில்லை. 2025 ஜூன் அதிபர் தேர்தலில் அதே ஒழிப்பு வாக்குறுதியுடன் லீ ஜுன் சியோக் போட்டியிட்டார். கருத்துக்கணிப்பில், இருபதுகளில் உள்ள ஆண்களிடம் ஆக அதிக ஆதரவு பெற்றவர் அவர்தான். வென்றவர் லீ ஜே மியுங். அவர் அமைச்சின் பெயரை மாற்றினார், அமைச்சரை நியமித்தார், கூடவே இளைஞர்கள் உணரும் பாகுபாடுகளையும் ஆராயுமாறு அதே அமைச்சிடம் சொன்னார். சில பெண்கள் அமைப்புகளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அது தவறாகத் தெரியவில்லை. 1999லேயே யாராவது அப்படிக் கேட்டிருந்தால் ஏழு எழுத்துக்கு இவ்வளவு வாக்கு விழுந்திருக்குமா என்று தோன்றுகிறது.

நண்பனிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க மூன்று புதன்கிழமைகள் ஆயின. "சம்பளப் பதிவு மட்டும் எனக்குப் போதும், மற்றது வேண்டாம்" என்று போன வாரம் ஒப்புக்கொண்டான். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் பெண்களும் தேசிய சேவைக்கு வரலாமா, அக்கா?" என்று கேட்டான். என்னிடம் உடனே பதில் இல்லை. அடுத்த புதன்கிழமை சொல்கிறேன் என்றேன். அன்றைய தோசைக்குக் காசு கொடுக்க வேண்டியது நான்.