கிச்சன் வறுவலும் பவணந்தியாரும்

சென்ற மாதம் நம் இலக்கிய நண்பர்கள் வட்டத்தில் ஒரு நிழற்படம் கைமாறிக்கொண்டே இருந்தது. உப்பிலியபுரத்தில் பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகே உள்ள சிறிய சாப்பாட்டுக் கடையின் பலகை அது. மேல்வரியில் 'கோழி வறுவல் கிடைக்கும்' என்று நல்ல தமிழ். ழகரமும் றகரமும் அதனதன் இடத்தில். கீழ்வரியில் அதையே ஆங்கிலத்தில் எழுத முனைந்த ஓவியர், 'சிக்கன்' எழுதப்போய்க் 'கிச்சன்' எழுதிவிட்டார். சமையலறையை வறுத்துத் தருகிறார்களாம். சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி வந்தன. படத்தை அனுப்பியவர் இரண்டு கவிதைத் தொகுதிகள் வெளியிட்டவர். படத்தின் கீழே அவர் எழுதிய குறிப்பு: 'நம்மவர்களின் ஆங்கில முயற்ச்சி!'

றகர ஒற்றை அடுத்து இன்னொரு மெய் வந்து நிற்காது என்பது பள்ளிப் பாடம். அந்தச் 'ச்'சைக் கண்டு எவரும் சிரிக்கவில்லை. நாம் சுட்டியபோது, "அவசரத்தில் வந்த தட்டச்சுப் பிழை, விடுங்கள் சார்" என்று பதில் வந்தது. விட்டோம். ஆனால் ஏணியில் நின்று, ஒரு கையில் வண்ணக் குவளையும் மறு கையில் தூரிகையுமாக எழுதியவருக்கு அந்தச் சலுகை ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி நம்மை விடவில்லை. தாய்மொழியில் கவிஞர் செய்தால் கைத்தவறு. கற்றுக்கொண்ட மொழியில் கடைக்காரர் செய்தால் அறியாமை! இந்தச் சிரிப்பு எழுத்தைப் பார்த்து வருவதில்லை. எழுதியவரின் ஊரையும் அவர் படித்த பள்ளியையும் பார்த்து வருகிறது.

சிரிப்பவர்கள் அதிகம் பகடி செய்யும் சொல் 'இஸ்கூல்'. படிப்பறிவற்ற பாத்திரம் என்று காட்ட வேண்டுமா, 'இஸ்கூல்' என்று ஒரு முறை சொல்ல வைத்தால் போதும் என்று நம் திரைப்படங்கள் முடிவு செய்து பல்லாண்டுகள் ஆகின்றன. சற்றே நன்னூலைப் புரட்டுவோம். வடசொற்கள் தமிழுக்குள் வரும்போது ரகரத்துக்கு முன் அ, இ, உ என்ற குறில்களும், லகரத்துக்கு முன் இ, உ என்பனவும், யகரத்துக்கு முன் இகரமும் மொழிமுதலாக வரும் என்கிறார் பவணந்தி முனிவர். காவிரித் தீவில் பள்ளிகொண்டவன் வடமொழியில் ரங்கன்; தமிழில் அரங்கன். ஸ்ரீரங்கம் திருவரங்கமானது இப்படித்தான். ராமன் இராமனானான், லாபம் இலாபமானது. பவணந்தியார் ஸகரத்தைப் பேசவில்லை என்பது மெய். ஆயினும் தமிழ் நாவுக்கு இடறும் தொடக்கத்தின் முன் ஓர் உயிரை ஊன்றுகோலாக வைக்கும் வழி அதுவே. அரங்கனை வணங்கிவிட்டு வந்து இஸ்கூலை எள்ளுவது என்ன நியாயம்? ஸ்பானியர் 'எஸ்குவேலா' என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் 'எகோல்' என்கிறார்கள். லத்தீனத்து 'ஸ்கோலா'வின் முன் அவர்களும் உயிரைச் சேர்த்தவர்கள்தாம். அவர்களை யாரும் பட்டிக்காட்டார் என்பதில்லை.

இலக்கணப் பிழைகளையும் பார்த்துவிடலாம். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று எழுதும் மாணவன் எங்கே சறுக்குகிறான்? தமிழில் 'கிறு' என்ற ஒரே இடைநிலை இரண்டு வேலை செய்கிறது. 'நாள்தோறும் கல்லூரிக்குப் போகிறேன்', 'இதோ, போகிறேன்' என்ற இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. ஆங்கிலம் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. 'எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்' என்று மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பவன் அந்தக் 'கிறு'வை 'இங்' ஆக்குகிறான். 'டிட் நாட் வென்ட்' இன்னொரு வகை. நம் 'போகவில்லை'யில் காலம் காட்டும் உறுப்பே கிடையாது. நேற்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். காலத்தை எந்தச் சொல்லில் ஏற்றுவது என்று தெரியாமல் இரண்டிலும் ஏற்றிவிடுகிறான். பெயர்ச்சொல்லின் முன் வரும் 'தி' பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்கு ஈடான சொல் நம்மிடம் இல்லை.

எழுத்துக்கூட்டலிலும் இதே கதை. நமக்குப் பகரம் ஒன்று. 'பால்' என்னும்போது ஓர் ஒலி, 'கம்பு' என்னும்போது வேறொலி, எழுத்து மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் இரண்டு எழுத்து. (அவ்விரண்டின் பெயரையும் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் 'பி'தான்!)

சிரிக்கப்படும் அந்த ஆங்கிலம் மட்டும் பிழையறியாததா? கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லின் நடுவே ஒலிக்காத ஒரு 'பி' உட்கார்ந்திருக்கிறது. மக்கள் அதில்லாமலே எழுதிக்கொண்டிருந்தார்கள். லத்தீன் மூலத்தை நினைவூட்டப் பின்னாளில் அறிஞர்கள் செருகினார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' லத்தீனச் சொல்லே அன்று. ஆயினும் லத்தீன் வழி வந்த வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு அதில் ஓர் 'எஸ்'ஸைப் போட்டார்கள். 'குட்' என்ற துணைவினையில் உள்ள 'எல்', 'வுட்', 'ஷுட்' ஆகியவற்றைப் பார்த்து எழுதியதால் ஒட்டிக்கொண்டது. பார்த்தெழுதியதில் வந்த இந்தப் பிழையை இன்று விட்டு எழுதினால் நம் பிள்ளைக்கு மதிப்பெண் போகிறது.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். திருச்சிராப்பள்ளியை 'ட்ரிச்சினாபொலி' ஆக்கியவர்களை யாரும் நிற்க வைத்துக் கேட்கவில்லை. 1887இல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலைப் பார்த்தே கொலையாளி புகைத்தது ட்ரிச்சினாபொலிச் சுருட்டு என்று துப்பறிகிறார் ஹோம்ஸ். சிதைந்த பெயர் செம்மாந்து இலக்கியமேறியது. அணைக்கட்டு 'அனிகட்' ஆனது. முக்கொம்பின் மேலணை ஆங்கில ஆவணங்களில் அப்பெயரோடுதான் இருக்கிறது. சுருட்டு, கட்டுமரம், மிளகுத்தண்ணீர் எல்லாம் அவர்கள் வாயில் உருமாறி அகராதியில் இடம்பிடித்தன. அவர்கள் செய்தால் சொல்வளம். நம் அரசும் சரிசெய்ய முயன்று பார்த்தது: 2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் ஆணை வெளியாகி, வேலூரை 'வீலூர்' என்று படிக்க வைக்கிறதே என்று ஊரே நகைக்க, அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. அதன் பின்னிருந்தவர்கள் மொழி வல்லுநர்கள். வல்லுநர்களே இடறிய தரையில் பதினெட்டு வயதுப் பிள்ளை இடறக் கூடாதா?

இனி நம் பங்குக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், பச்சைமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவள். அக்காள் திருமணத்துக்கு விடுப்புக் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள்: அக்காள் திருமணத்தால் தான் 'அவதிப்படுவதாக'. பழைய நகைச்சுவைதான், காய்ச்சலுக்கு மனப்பாடம் செய்த கடிதத்தில் காய்ச்சலை எடுத்துவிட்டுக் கல்யாணத்தைப் போட்டிருந்தாள். கடிதம் ஆசிரியர் அறையில் கைமாறியது. எல்லாரும் சிரித்தோம். நாமும் சிரித்தோம். கதவருகே அவள் நின்றிருந்ததைப் பிறகே கவனித்தோம்.

அதன் பின் மூன்றாண்டுகள் அவள் ஆங்கிலத்தில் ஒரு வரி தானாக எழுதவில்லை. உதவித்தொகை விண்ணப்பம் உட்பட எல்லாவற்றையும் தோழியிடம் கொடுத்து எழுதி வாங்கினாள். புணர்ச்சி விதிகளை மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவள். குற்றியலுகரத்தில் நம்மையே ஒருமுறை திருத்தியவள். அவளுக்குக் 'கிறு'வையும் 'இங்'கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட ஒரு மணி நேரம் ஆகியிருக்குமா? நாம் செய்யவில்லை. அது ஆங்கிலத் துறையின் வேலை என்று இருந்துவிட்டோம். ஆங்கிலத் துறையோ தமிழிலக்கணம் தமக்கெதற்கு என்று இருந்தது. இரு துறைகளுக்கும் இடையே ஒரு சுவர்தான்.

'அப்படியானால் பிழை இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறீரா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. ஒரு விண்ணப்பத்தின் முதல் வரிப் பிழையால் வேலை கைநழுவுவதைப் பார்த்திருக்கிறோம். பிழை திருத்தப்பட வேண்டும். அது ஏன் வந்தது என்று சொல்லித் திருத்தப்பட வேண்டும். படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புவதால் எந்த எழுத்தும் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

போன வாரம் புளியஞ்சோலைக்குப் போகும் வழியில் அந்தக் கடையில் இறங்கினோம். வறுவல் நன்றாகவே இருந்தது. பலகையைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னோம். கடைக்காரருக்குக் கோபமில்லை. "அப்படியா சார்? ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாங்க, ஒருத்தர்கூட சொல்லலையே" என்றவர், பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். எழுதிக் கொடுத்தோம். கொடுக்கும் முன் கைப்பேசியில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பொங்கலுக்கு வண்ணம் அடிக்கும்போது மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நண்பரின் 'முயற்ச்சி' இன்னும் அப்படியேதான் இருக்கிறது.