சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது வயசு இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயசானவர்கள் இருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

என் அம்மாவுக்கு வயசு 84. போன வருஷம் ஓரி விழா முடிந்த சமயம், களியை ஒதுக்க ஆரம்பித்தார். அடுத்த மாதம் சாமைச் சோறும் வேண்டாம் என்றார். "கஞ்சி போதும்ப்பா" என்றார். பல் இல்லை, வயசும் ஆச்சு என்று நாங்களும் கஞ்சி கரைத்துக் கொடுத்தோம். கடையில் வாங்கிய கேஸ் மாத்திரையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் என் பேத்தி வந்து சொன்னாள்: "தாத்தா, பாட்டியம்மா சாப்பிட்டதும் கொல்லைப்பக்கம் போய் நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அப்புறம் எல்லாத்தையும் துப்புறாங்க."

அதற்குள் நான்கு மாதம் போய்விட்டது. ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார்.

வருஷா வருஷம் கரும்பலகையில் உணவுக்குழாயை வரைந்து பாகம் குறிக்கச் சொன்னவன் நான். வாய்க்குக் கீழே தொண்டை, அதிலிருந்து இரைப்பை வரை சுமார் 25 செ.மீ. குழாய் என்று உங்களில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! என் வீட்டிலேயே அந்தக் குழாய் அடைத்துக்கொண்டது எனக்குத் தெரியவில்லை. தப்பு என்னுடையதுதான்.

எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்குக் கூட்டிப்போனோம். "இந்த வயசில் குழாய் விட்டுப் பார்க்கணுமா? சும்மா விடுங்க" என்று சொந்தத்தில் பலர் சொன்னார்கள். பாசத்தில் சொன்னதுதான். எல்லா வைத்தியமும் எல்லா உடம்புக்கும் ஆகாது என்பதும் உண்மை. ஆனால் பசி இருந்தும் இறங்காமல் கிடப்பது கஷ்டம் இல்லையா? என்ன நோய் என்று தெரிந்த பிறகு வேண்டாம் என்பது ஒரு முடிவு. தெரியாமலே விடுவது முடிவு இல்லை, கைவிடுவது.

எண்டோஸ்கோப்பியில் பார்த்தார்கள். பல வருஷம் அமிலம் மேலே ஏறி ஏறி, குழாயின் கீழ்ப்பகுதி புண்ணாகி, தழும்பாகிச் சுருங்கியிருந்தது. புற்றுநோய் இல்லை என்று சதை எடுத்துச் சோதித்து உறுதி செய்தார்கள். பலூன் வைத்து இரண்டு தடவை விரித்தார்கள். தினமும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. மூன்றாவது வாரம் இளக்கமாகக் கிண்டிய களியும் கீரையும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, "கீரையில உப்பே இல்ல" என்று திட்டினார். அந்தத் திட்டுக்கு நான் அழுதேன்.

டாக்டர் அன்று கேட்ட கேள்விகளை நீங்களும் வீட்டில் கேளுங்கள்.

விழுங்கியதும் இருமல் வருகிறதா, மூக்கில் ஏறுகிறதா? கோளாறு தொண்டையில் இருக்கலாம். பக்கவாதம், நடுக்குவாதம் வந்தவர்களுக்கு இது வரும். விழுங்கி கொஞ்ச நேரம் கழித்து நெஞ்சில் நிற்கிறதா? அது உணவுக்குழாய்.

முதலில் களி, சோறு நின்று, பிறகு கஞ்சியும் நிற்கிறதா? குழாய் சுருங்குகிறது. தழும்பாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். புகையிலை, பீடி, சாராயப் பழக்கம் உள்ளவர்கள், வேகமாக இளைப்பவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. புற்றுநோய் முற்றியிருந்தாலும் உள்ளே ஸ்டென்ட் வைத்து உணவு இறங்க வழி செய்கிறார்கள்.

சோறு, தண்ணீர் இரண்டுமே ஆரம்பத்திலிருந்து நிற்கிறதா? குழாயின் அசைவில் கோளாறு. அதில் ஒன்று அக்கலேசியா. கீழ் வாசல் திறக்காது. 1674-லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் திமிங்கல எலும்பின் நுனியில் பஞ்சு கட்டி, நோயாளியே உணவைத் தள்ளிக்கொள்ள வழி செய்தார். 1913-ல் ஜெர்மனியில் ஹெல்லர் அறுவை செய்தார். 2008-ல் ஜப்பானின் இனோவே, வெளியே கத்தி வைக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே அந்தத் தசையை வெட்டினார். அதையும் தாங்காத உடம்புக்கு ஊசி மருந்து உண்டு. முந்நூற்றைம்பது வருஷமாக வழி தேடியிருக்கிறார்கள். நாம் மட்டும் வயசு என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

வீட்டில் செய்யக்கூடியது: நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் படுக்கவிடாதீர்கள். மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுத்தால் குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கும். இரும்புச்சத்து மாத்திரை, எலும்புக்கான மாத்திரை ரொம்பவே. விழுங்கவே கஷ்டமில்லாதவர்கள் டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். அடைத்துக்கொண்டால் சோற்று உருண்டையால் தள்ளப் பார்க்காதீர்கள். எச்சிலே இறங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல காரியம். அவர்கள் "சாப்பாடு இறங்குதா?" என்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு மெஷின் வேண்டாம், செலவும் இல்லை. சுகாதாரத் துறையில் இருக்கும் என் மாணவர்கள் இதை மேலே சொல்லுங்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, தினமும் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறீர்கள். "ம், சாப்பிட்டேன்" என்று பதில் வரும். என் அம்மாவும் நான்கு மாதம் அதைத்தான் சொன்னார். இன்று ராத்திரி, "என்ன சாப்பிட்ட? இறங்குச்சா?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்
குண்டூர் நாடு, கொல்லிமலை